மெர்சி சிஸ்டரின் அளவு ஜாக்கெட்

மலைமேல் செம்மேடு பேருந்து நிலையத்தை ஒட்டி, உரக்கடைக்கு அடுத்த அறையில் தேன்மொழி தையல் கடை வைத்திருக்கிறாள். சுற்று ஊர்கள் சேர்ந்த வாழவந்தி நாட்டுப் பெண்களில் பாதிப் பேரின் உடம்பு அவளுக்குத் தெரியும். யாருக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கிறது, யார் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பருத்தாள், யார் அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் பழைய அளவு ஜாக்கெட்டையே கொண்டுவந்து கொடுக்கிறாள் என்பதெல்லாம் தெரியும். அவள் உடம்பு மட்டும் யாருக்கும் தெரியாது. அவள் தையல் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். இன்னொரு தையல்காரி தன்மேல் டேப் வைக்கும்படி ஆகிவிடக் கூடாது.

அவளுக்கு இடப்பக்க மார்பு வளரவில்லை. பிறவிக் குறை. வலப்பக்கம் அளவாக வளர்ந்து நிற்க, இடப்பக்கம் வளராமலே போயிற்று. வலி கிடையாது, நோயும் கிடையாது. அதனாலேயே அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அவளுடைய தாய் ஒரு முறை கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். கணவன் முருகானந்தம் மிளகும் மரவள்ளியும் போடுகிறவன். கல்யாணமான புதிதில், "அதனால என்ன, விடு" என்று சொன்னவன்தான், அப்புறம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைச் சில நாட்களில் அவள் மரியாதை என்று எடுத்துக்கொள்வாள். சில நாட்களில் ஏமாற்றம் என்று எடுத்துக்கொள்வாள். அவனைக் கேட்டிருந்தால் இரண்டும் இல்லை என்றிருப்பான். அவள் கேட்கவில்லை.

தன் ஜாக்கெட்டுகளின் இடப்பக்கத்தில் லைனிங் துணியின் வெட்டுத்துண்டுகளை அடுக்கி, மேலே ஒரு துணி போட்டு மூடித் தைத்துக்கொள்வாள். நன்றாகத் தைத்திருப்பாள். யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் மறைத்து வைத்திருப்பவருக்கு மறைத்தது ஒருபோதும் மறப்பதில்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணின் மீதும் டேப்பைச் சுற்றும்போது, 'இவளுக்கு இரண்டு பக்கமும் சும்மா கிடைத்தது' என்று ஓர் எண்ணம் வந்துபோகும். உழைத்துப் பெற்றவர்மீது வரும் பொறாமைக்கு ஏதாவது ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சும்மா பெற்றவர்மீது வருவதற்குச் சமாதானம் கிடையாது.

ஆனாலும் அது சில்லறைப் பொறாமைதான். வருவார்கள், போவார்கள், அதுவும் அவர்களோடு போய்விடும். அது ஓர் ஆள்மேல் போய் ஊன்றி நின்றது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மெர்சி மாற்றலாகி வந்த பிறகுதான்.

மெர்சிக்கு லால்குடிப் பக்கம். கணவனும் குழந்தைகளும் அங்கே. அவள் மட்டும் செம்மேட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கி நர்சு வேலை பார்த்தாள். முதன்முதலில் ஜாக்கெட் துணியோடு கடைக்கு வந்தபோது, அளவு ஜாக்கெட் கொண்டுவரவில்லை. உடம்பிலேயே அளந்துகொள்ளச் சொல்லிக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"லூசா வேணாங்க்கா. ஊர்ல ஒருத்தர் சாக்கு மாதிரித் தச்சுட்டாரு."

"உங்களுக்குச் சாக்கைத் தச்சாலும் நல்லாத்தான் இருக்கும் சிஸ்டர்" என்றாள் தேன்மொழி.

மெர்சி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். பாராட்டுத்தான். ஆனால் அதற்குள் ஒரு குண்டூசி இருந்தது. அது குத்தியது சொன்னவளைத்தான். அகலமான தோள், அதற்குப் பொருத்தமான மார்பு, எங்கேயும் துணியை ஏமாற்றத் தேவையில்லாத உடம்பு. அந்த ஜாக்கெட்டை வெட்டும்போது தேன்மொழிக்குக் கத்தரி வழக்கமான வேகத்தில் ஓடவில்லை. தைத்து முடித்ததும் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் அதைத் தானே போட்டுப் பார்த்தாள். இரு பக்கமும் காலிப் பையாகத் தொங்கியது.

அந்த வருடம் முழுவதும் அவள் யாருக்கும் தெரியாமல் வளர்ந்தாள். இடப்பக்கத்தில் ஒரு துண்டு கூட்டினாள். அதற்குச் சமமாக வேண்டும் என்று, எந்தக் குறையும் இல்லாத வலப்பக்கத்திலும் ஒரு துண்டு வைத்தாள். பிறகு இரண்டிலும் இன்னொன்று. மெல்ல மெல்லச் செய்ததால் முருகானந்தம்கூட, "மேல ஏதோ சதை போட்ட மாதிரி இருக்கு புள்ள, கடையில பஜ்ஜி தின்னறயா?" என்றுதான் கேட்டான். சரியாக இருந்த பக்கத்தையும் அவள் இப்படி மறைத்துவிட்டாள் என்பதை அவளே கவனிக்கவில்லை. பொறாமை முதலில் நம்மிடம் இல்லாததைக் காட்டும். கொஞ்சம் இடம் கொடுத்தால், இருப்பதையும் இல்லாததாக்கிவிடும்.

ஒரு நாள் மழையில் கடைசி பஸ் வராமல் போக, குண்டூர் நாட்டுப் பக்கம் தடுப்பூசி போடப் போயிருந்த மெர்சியை முருகானந்தம் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான். வீட்டில் வந்து அவனே சொன்னான்.

"பாவம், அந்தப் புள்ள நனைஞ்சுட்டு நின்னுச்சு."

"நீங்க நனையலீங்களா?"

"நானுந்தான் நனைஞ்சேன்."

"அத முதல்ல சொல்றதில்ல?"

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டான். அவனிடம் கள்ளம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வாரம் அவனுக்குக் குழம்பில் உப்புச் சரியாக விழவில்லை.

பிறகு அது நடந்தது. தேன்மொழிக்கு நெஞ்சு வலி. வாயுத்தொல்லைதான் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுக்கச் சொன்னார்கள். எடுக்க வந்தவள் மெர்சி. ஜாக்கெட் கொக்கிகளை அவிழ்க்கச் சொன்னபோது தேன்மொழி இரண்டு கைகளாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, நான் பாக்காததா?"

"இத நீங்க பாத்திருக்க மாட்டீங்க சிஸ்டர்."

மெர்சி பார்த்தாள். துணித்துண்டுகள் சரிந்த இடத்தை விரலால் ஒதுக்கிவிட்டு, மின்முனைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, எந்திரம் ஓடி முடியும்வரை அதன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து கொக்கி மாட்டும்போதுதான் பேசினாள்.

"அக்கா, இதுக்கு வழி இருக்கு. உள்ள வெக்கற மாதிரி சிலிகான்ல ஒண்ணு வருது. கீழ பெரியாஸ்பத்திரியில பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் இருக்காங்க. உங்களுக்குப் பிறவிக் குறைங்கறதால கவர்ன்மெண்டுலயே செய்வாங்க. நான் கேட்டுச் சொல்றேன்."

கேட்டும் சொன்னாள். விடுப்பு போட்டுக்கொண்டு தானே கூட்டிப் போவதாகவும் சொன்னாள். நம்மைவிட அதிகம் வைத்திருப்பவரை எப்படியாவது சகித்துக்கொள்ளலாம். அதிகமும் வைத்துக்கொண்டு நல்லவராகவும் இருப்பவரைச் சகிப்பது கடினம். வெறுப்பதற்கு அவர் ஒரு காரணமும் தருவதில்லை.

முருகானந்தத்திடம் சொன்னாள்.

"வலிக்குமா?"

"வலிக்குந்தான்."

"உனக்கு வேணுமா?"

"வேணும்."

"அப்பச் செய்யி. மெர்சி சிஸ்டர் என்ன சொல்லுது?"

"அது ஏனுங்க என்ன சொல்லணும்? நெஞ்சு என்னுது" என்றாள்.

தேன்மொழி விரும்பியது இதுதான்: குறை தீர்ந்தால் போதாது. மெர்சியைப் போல ஆக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் வலப்பக்கத்துக்குச் சமமாக்கிவிட்டு, மறுபடியும் கடைக்கு வருகிறவர்களில் பத்தோடு பதினொன்றாக நிற்பதற்கா கத்திக்குப் போவது? இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ள வேண்டும். அளவும் அவளுக்குத் தெரியும்.

தையல் தொழிலில் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. 'ரொம்ப டைட்டாவும் வேண்டாம், லூசாவும் வேண்டாம்' என்று ஒரு பெண் சொல்வதை வைத்துக்கொண்டு யாரும் துணியை வெட்டுவதில்லை. அளவு ஜாக்கெட் கொடு என்றுதான் கேட்பார்கள். ஆகவே, மருத்துவமனைக்குப் போன அன்று காலை, தண்ணீர்ப் பாட்டில், துண்டு, ஆதார் அட்டை இவற்றோடு, கொக்கி வைப்பதற்காக மெர்சி கொடுத்திருந்த ஊதா நிற ஜாக்கெட்டையும் மடித்துப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை.

மலையிறங்கும் வளைவுகளில் மெர்சிக்கு எப்போதும் குமட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தேன்மொழியின் கையைப் பிடித்தபடி வந்தாள். தேன்மொழி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் ராதிகா நடுத்தர வயதுக்காரர்; அவசரப்படாதவர். மறைப்புக்குப் பின்னால் தேன்மொழியை உட்காரவைத்து, ஒரு அளவுகோலால் நெஞ்சின் குறுக்கே அளந்தார். இடப்பக்கத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். வலப்பக்கத்தையும் அளந்தார். அந்தப் பக்கத்தை எதற்கு அளக்கிறார் என்று தேன்மொழிக்கு விளங்கவில்லை. மெர்சி கைபேசியில் யாரோ அழைக்க வெளியே போயிருந்தாள்.

"நீங்க எந்த மாதிரி இருக்கணும்னு நினைக்கறீங்கம்மா?"

தேன்மொழி கதவைப் பார்த்தாள். சட்டென்று பையைத் திறந்து ஊதா ஜாக்கெட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"இந்த அளவுக்கு வெச்சு விட்டுருங்க டாக்டர். ரெண்டு பக்கமும்."

டாக்டர் ஜாக்கெட்டைப் பார்த்தார், தேன்மொழியைப் பார்த்தார். "இது உங்களுதா?"

"இல்லீங்க. அளவுக்குக் கொண்டாந்தேன்."

அதற்குள் மெர்சி உள்ளே வந்துவிட்டாள். மேசைமேல் கிடந்ததை எடுத்துத் திருப்பினாள்.

"இது என் ஊதா ஜாக்கெட்டுல்ல? கொக்கி வெக்கக் குடுத்தது. எத்தன தடவ கேட்டேன், 'இன்னும் ஆகல, இன்னும் ஆகல'ன்னீங்களே."

"ஆயிருச்சுங்க சிஸ்டர்" என்றாள் தேன்மொழி. "கொக்கி வெச்சாச்சு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் தேடினார். மெர்சிக்கு விளங்கச் சிறிது நேரம் ஆனது. விளங்கியதும் அவளால் அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கொஞ்சம் முன்னதாக நிறுத்தியிருக்கலாம்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். "ஜாக்கெட் அளவு துணிக்கும்மா. இதுக்கு முதல் அளவு உங்க நெஞ்சு அகலம். சிஸ்டருக்கு நெஞ்சுக்கூடு அகலம், உங்களுக்குக் குறுகல். அவங்களுக்குப் பொருந்தற அகலத்துல ஒண்ணை உங்களுக்கு வெச்சா அக்குள் பக்கம் போய் இடிக்கும். அப்ப அடி அகலத்தை நம்ம மாத்த முடியாது. எவ்வளவு முன்னால எடுப்பா நிக்கணும்கறதைத்தான் மாத்தலாம். அதுக்குத்தான் புரொபைல்னு பேரு. ஒரே அடி அகலம், ஒண்ணு தணிவா இருக்கும், ஒண்ணு உயரமா இருக்கும். உயரம் கூடக்கூட உள்ள இருக்கற அளவும் கூடும்."

மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு மாதிரிகளை எடுத்து வைத்தார். ஒன்று தட்டையான பணியாரம்போல இருந்தது. மற்றது அதே அடியில் நின்றாலும் நன்றாக உப்பியிருந்தது.

"தணிவானது இருநூறு மில்லி. உங்க வலப்பக்கத்துக்குக் கிட்டத்தட்டச் சரியா வரும். இது முந்நூறு. இதுக்கு மேல உங்க தோல் தாங்காது. வலப்பக்கம் நல்லா இருக்கறதால அதைத் தொட நான் சம்மதிக்க மாட்டேன். இடப்பக்கம் மட்டுந்தான். இந்த ரெண்டுல எதுங்கறதை நீங்க முடிவு பண்ணலாம்."

வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்க்கவும் வழி சொன்னார். அந்த அளவுக்கு அரிசியோ சாமையோ துணிப்பையில் கட்டி உள்ளே வைத்துக்கொண்டு, தினமும் செய்கிற வேலையைச் செய்ய வேண்டும். எது ஒத்துவருகிறது என்று பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

திரும்பி வரும் பேருந்தில் மெர்சி சமாதானமாகப் பேசப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்ல, என் சைஸ் என்னன்னு."

"தைக்கறவளுக்குத் தெரியாதுங்களா சிஸ்டர்."

"கோவமா?"

"கோவம் எதுக்கு. நீங்க கண்ண மூடிக்கிங்க, வளைவு வருது."

சாமை வீட்டில் இருந்தது. அளப்பதுதான் பிரச்சினை. மெர்சியைக் கேட்டால் மில்லி போட்ட குவளை கொடுப்பாள், கேட்க மனமில்லை. முருகானந்தம்தான் வழி சொன்னான்.

"குவாட்டர் பாட்டில் நூத்தியெம்பது மில்லி புள்ள."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்."

"ஊரு வேற, நீங்க வேறயா?"

அவன் எங்கிருந்தோ ஒரு காலி பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தான். அவள் ஒரே அளவில் இரண்டு வட்டங்கள் வெட்டினாள். ஒன்றின் மேல் தணிவாகவும், மற்றதன் மேல் குவித்தும் பை தைத்தாள். முதலாவதில் ஒரு பாட்டிலும் இன்னும் கொஞ்சமும் சாமை. இரண்டாவதில் அதைப்போல ஒன்றரை மடங்கு.

உயரமான பையைத்தான் முதலில் வைத்துக்கொண்டாள். பக்கவாட்டில் திரும்பி நின்று கண்ணாடியில் பார்த்தாள். இடப்பக்கம் மட்டும் தெரியும்படி நின்றால், அது மெர்சிதான். அப்படியே வெகுநேரம் நின்றாள். நேராகத் திரும்பியபோதுதான் சங்கடம். வலப்பக்கத்திலிருந்த துணித்துண்டுகளைப் பழையபடி வைத்தும் போதவில்லை. இன்னும் இரண்டு திணித்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இந்தத் திணிப்பு ஓயாது, பக்கந்தான் மாறும். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும், 'பரவாயில்லை' என்று சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பையோடுதான் கடைக்குப் போனாள். சேலூர் பக்கத்திலிருந்து வாடிக்கையாக வரும் ருக்குமணி, வாய் சும்மா இருக்காதவள், பாவாடைத் துணி கொடுக்க வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"என்ன தேனு, ஒரு பக்கமாச் சாயற? சுளுக்கா?"

"ராத்திரி சரியாப் படுக்கல."

தேன்மொழி குனிந்து கறுப்புத் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பையை அவசரத்தில் பெரிய தையலாகப் போட்டிருந்தாள். மேசை விளிம்பில் நெஞ்சு அழுந்தியதும் ஒரு மூலை விட்டுக்கொண்டது. கறுப்புத் துணிமேல் சாமை பொலபொலவென்று உதிர்ந்தது.

ருக்குமணி துணியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "எங்கிருந்துடி கொட்டுது?"

"காலையில புடைச்சேன். சேலையில ஒட்டிட்டு வந்திருக்கும்."

"நல்லா ஒட்டிட்டு வந்திருக்கு. ஒரு வேளைக்குச் சோறாக்கலாமாட்ட இருக்குது."

தேன்மொழி கையால் நெஞ்சை அமுக்கிக்கொண்டு, திரைக்குப் பின்னால் போனாள். ருக்குமணி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று இன்னொரு முறை கூரையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வேறு வழியில்லாமல் தணிவான பையை வைத்துக்கொண்டாள். அன்று வலப்பக்கத் திணிப்புகளை எடுக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் இரண்டும் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் எடுத்தாள். மிஷினில் குனிந்தாள், நிமிர்ந்தாள், பரணிலிருந்து துணிக்கட்டை இறக்கினாள். எதுவும் நகரவில்லை, எதுவும் உறுத்தவில்லை. மத்தியானம்வரை அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. இப்படி ஒரு மத்தியானம் அவளுக்கு வாய்த்ததில்லை. ஆனாலும் மகிழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. கண்ணாடியில் பார்த்தபோது தெரிந்தது ஓர் ஒல்லியான மலைக்காட்டுப் பெண். மெர்சியின் சாயல் எங்குமே இல்லை. மாலையில் மெர்சி தன் அறைக்கு நடந்து போவதைக் கடையிலிருந்து பார்த்தாள். ஊதா ஜாக்கெட் போட்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாகவே பொருந்தியிருந்தது. தைத்தவள் என்ற முறையில்கூட அதில் தேன்மொழியால் பெருமைப்பட முடியவில்லை.

ஆனாலும் இரண்டாவது முறை மருத்துவமனைக்குப் போகும்போது அவள் தணிவானதையே சொல்வதென்று ஒருவாறு முடிவெடுத்திருந்தாள். கூட மெர்சியும் வந்தாள். டாக்டர் இரண்டு மாதிரிகளையும் மேசைமேல் வைத்து, "என்னம்மா, பாத்தீங்களா? எது?" என்று கேட்டார்.

தேன்மொழி வாயெடுப்பதற்குள் மெர்சி சொன்னாள்: "சின்னதே போதும் டாக்டர் அவங்களுக்கு. ஒல்லி உடம்பு, பெருசு நல்லாருக்காது."

தேன்மொழி சொல்ல வந்ததும் அதுவேதான். ஆனால் மெர்சியின் வாயிலிருந்து வந்தபோது அது வேறொன்றாக ஆகிவிட்டது. உனக்கு இவ்வளவு போதும் என்று, நிறைய இருப்பவள் அளந்து கொடுப்பதுபோல ஆகிவிட்டது. தேன்மொழி வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் காத்திருந்தார். மெர்சி அவள் தோளைத் தொட்டு, "சொல்லுங்கக்கா" என்றாள்.

"சிஸ்டர், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

மெர்சிக்கு முதலில் காதில் விழாததுபோல இருந்தது. "நானா?"

"ஆமாங்க. கொஞ்ச நேரம்."

மெர்சியின் முகம் சிவந்தது. விடுப்பு போட்டு, குமட்டிக்கொண்டு மலையிறங்கி வந்தவள் அவள். கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவை மெல்லத்தான் சாத்தினாள். அது ஓங்கிச் சாத்தியதைவிடக் கேட்டது.

"சரி, சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"பெருசு வெச்சா என்னாகும்?"

"வெக்கலாம். அதுக்கும் நான் சம்மதிச்சதுதான். உங்க இஷ்டம்."

இதுதான் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் யாரும் பார்க்காத இடம். சரியானது எது என்று அவளுக்குத் தெரியும். தான் பொறாமைப்படும் ஒருத்தி அதையே சொல்லிவிட்டாள் என்பதற்காகத் தவறானதை எடுத்துக்கொள்ள அவள் தயாராக இருந்தாள். அதை நெஞ்சுக்குள் வைத்துத் தைத்து, ஆயுசு முழுவதும் சுமக்கவும் தயாராக இருந்தாள். மனிதர்கள் இதைவிடச் சின்ன காரணங்களுக்கு இதைவிடப் பெரிய தவறுகளைச் செய்திருக்கிறார்கள்.

"இன்னொரு தடவ வெச்சுப் பாக்கட்டுங்களா?"

டாக்டர் உயரமான மாதிரியை உள்ளாடைக்குள் வைத்து, மேலே அவளுடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தேன்மொழி கண்ணாடி முன்னால் நின்றாள். கையைத் தூக்கினாள். மிஷினில் உட்காருவதுபோல முன்னால் குனிந்தாள். அப்போது ஜாக்கெட்டின் அடிப்பட்டி இடப்பக்கத்தில் மட்டும் மேலேறி, விலாவை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. வலப்பக்கம் பட்டி படிந்து கிடந்தது. நடுக் கொக்கி வரிசை ஒரு பக்கமாக இழுபட்டுக் கோணியது.

அவள் அதையே பார்த்தாள். கைகள் தாமாகவே போய்ப் பட்டியை இழுத்துவிட்டன. மறுபடியும் ஏறியது. வேறொருத்தியின் உடம்பில் இப்படி ஒரு ஜாக்கெட் நின்றிருந்தால் அவள் கழற்றி வாங்கிப் பிரித்துப் போட்டிருப்பாள். இப்படியே வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டாள். இத்தனை வருடத் தொழிலில் ஒரு தடவைகூட அனுப்பியதில்லை.

"இது வேணாங்க" என்றாள். "கோணிக்குது."

"அப்பத் தணிவானது?"

"அதுதானுங்க. ஆனா சிஸ்டர் சொன்னதுக்காக இல்லைங்க."

"நான் அப்பிடி எழுத மாட்டேன்" என்றார் டாக்டர்.

இதைப் பக்குவம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. பொறாமையை அவள் வென்றுவிடவில்லை. கோணலாகத் தைத்த ஒன்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். ஆனால் பக்குவம் வந்து சேராத இடங்களில் நம்மில் பலரையும் காப்பாற்றுவது இதைப்போன்ற ஏதோ ஒரு தொழில் பழக்கந்தான்.

வெளியே மெர்சி நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பேருந்தில் வளைவுகள் தொடங்கியதும் தேன்மொழி எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். மெர்சி வாங்கிக்கொண்டாள். ஆனால் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கூட முருகானந்தம் இருந்தான். வார்டு வாசலில் பொழுதெல்லாம் நின்றான். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தேன்மொழிக்கு ஒரு விஷயம் உறைத்தது: கட்டுப் பிரித்து மருந்து வைக்க அவள் செம்மேடு சுகாதார நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கட்டுப் போடுகிற நர்சு மெர்சி. எதை மறைப்பதற்காக அறையைவிட்டு வெளியே அனுப்பினாளோ, அதைக் கணவனுக்கும் முன்னால், தனக்கும் முன்னால், முதலில் பார்க்கப்போகிறவள் அவள்தான்.

முருகானந்தம் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். மெர்சி முகத்தில் எதையும் காட்டாமல் கையுறை போட்டுக்கொண்டு, கட்டை ஈரப்படுத்தி, அடுக்கடுக்காகப் பிரித்தாள். கடைசித் துணியை எடுத்ததும் கை நின்றது. பார்த்தாள். தையல் போட்ட இடத்தைப் பார்ப்பதற்கு ஆகும் நேரத்தைவிடச் சற்று அதிகமாகவே பார்த்தாள். ஒரு தையல்காரிக்கு அந்தப் பார்வை அந்நியமானதல்ல. அளந்து பார்க்கும் பார்வை. தேன்மொழி அதுவரை அப்படிப் பார்த்தவளே தவிர, பார்க்கப்பட்டவள் அல்ல.

"வீக்கம் வடியணும்" என்றாள் மெர்சி. "சீழ் ஒண்ணும் இல்ல."

"சரிங்க சிஸ்டர்."

மெர்சி பஞ்சால் துடைத்தாள். மருந்து வைத்தாள். புதிய துணியை மடித்துக்கொண்டே, வேறெங்கோ பார்த்துக் கேட்டாள்.

"கடைசியில எத எடுத்தீங்க? சின்னதா, பெருசா?"

தேன்மொழிக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் மெர்சிக்கு மனம் ஆறியிருக்கும். 'நான் சொன்னதுதானே' என்று சிரித்திருப்பாள். எல்லாம் பழையபடி ஆகியிருக்கும்.

"பாத்தாத் தெரியலீங்களா?"

"வீக்கத்துல எப்பிடித் தெரியும்?"

"அப்ப வடியட்டும்."

"நான் அவ்வளவு தூரம் வந்தேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அடுத்த தடவ ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வர்றப்ப நீங்க எம்மேல டேப்பு வெச்சுப் பாத்துக்கங்க" என்றாள் தேன்மொழி.

மெர்சி துணியை வைத்து, பிளாஸ்திரியைக் கிழித்து, வேண்டியதைவிடச் சற்று அழுத்தியே ஒட்டினாள். தேன்மொழிக்கு வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.